காட்டெருமையின் பின்பாதி

பள்ளி நாடகத்தில் ஒரு காட்டெருமைக்கு முன்பாதி கிடைப்பது சுலபம். கொம்பு இருக்கிறது, மூஞ்சி இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். பின்பாதிக்குத்தான் ஆள் கிடைக்காது. குனிந்தபடியே, முன்னால் போகிறவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கம்பளிக்குள் மூச்சு முட்ட, எங்கே போகிறோம் என்று தெரியாமலே போய்க்கொண்டிருக்க வேண்டும். நசீரா டீச்சருக்கு இந்த வேடத்தின் மேல் தனி மரியாதை உண்டு. ஒன்பது வருடமாக வாரத்தில் இரண்டு நாள் அவர் செய்துவருவதும் ஏறக்குறைய அதுதான்.

குந்தா போகிற வழியில் இருக்கும் தும்பிமலை எஸ்டேட் தொடக்கப் பள்ளியில் அவர் ஆடல், பாடல், நாடகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆசிரியை. புதனும் வெள்ளியும் வகுப்பு. வயது நாற்பத்தாறு. வீடு ஊட்டி காந்தலில். காலை ஆறேகால் பஸ்ஸில் ஏறி, கண்ணாடி மூடாத ஜன்னலோரமாக உட்கார்ந்து (அந்த பஸ்ஸில் வேறு வகை ஜன்னல் கிடையாது), எஸ்டேட் வளைவில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் நடந்தால் பள்ளிக்கூடம். போய்ச் சேரும்போது குரலில் பாதிதான் மிச்சம் இருக்கும். அந்தப் பாதியும் "வரிசையா நில்லுங்க" என்பதில் செலவாகிவிடும். கலை என்று ஒன்று அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும்.

கலைத்துறையில் அவருடைய பின்புலம் சாதாரணமானதல்ல. கல்லூரியில் படித்தபோது புகையிலை ஒழிப்புத் தெருநாடகத்தில் நுரையீரலாக நடித்திருக்கிறார். இடது நுரையீரல். பிற்பாடு கோயம்புத்தூரில் பத்து நாள் நாடகப் பயிற்சி முகாமுக்குப் போய், சான்றிதழும் மூட்டுவலியும் வாங்கிவந்தார். சான்றிதழைத் தும்பிமலை ஏற்றுக்கொண்டது. மூட்டுவலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாத்தனார் ஷாயிஸ்தா மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், "என்ன அண்ணி, இன்னிக்கு நரியா, முயலா?" என்று விசாரிப்பாள். அவளுடைய விசாரிப்பில் அக்கறை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு அந்த நேரத்தில் நசீராவுக்கு இருந்ததில்லை.

முகாமில் சொல்லித்தராத ஒரு பாடத்தைத் தும்பிமலைதான் சொல்லித்தந்தது. அங்கே பள்ளி விழா பார்க்க வருகிற அம்மாவுக்கு 'அரைப் பேர்' போகும். அரைநாள் வேலைப் பதிவை அப்படித்தான் சொல்வார்கள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சொல். முதல் வருடம் நசீரா போட்ட நாடகத்தில் பதினோரு குழந்தைகள் பின்வரிசையில் மரமாக நின்றார்கள். விழா முடிந்ததும் பதினோரு அம்மாக்களும் வரிசையாக வந்தார்கள். வரிசையாக நிற்கச் சொல்லாமலே நின்றவர்கள் அன்றைக்கு அவர்கள் மட்டும்தான்.

"எம் புள்ள எங்க டீச்சர் நின்னுச்சு?"

"அந்த மூணாவது மரம்ங்க."

"மரத்தப் பாக்கவா டீச்சர் அரைப் பேர விட்டுட்டு வந்தேன்? மரம் மலை பூராத்தான் நிக்குது."

அன்றிலிருந்து நசீராவின் நாடகங்களில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. எந்த வேடமாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு குழந்தையும் அரை நிமிடம் மேடையின் முன்னால் வந்து, முகத்தை நேராகக் காட்டி நின்றுவிட்டுப் போக வேண்டும். யாருக்கு எப்போது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருப்பார். நாடக இலக்கணப்படி பார்த்தால் இது பெரிய அத்துமீறல். போர்க்களத்தில் ராஜா அம்பு பட்டு விழுவார். படைவீரர்கள் இருபது பேரும் தனித்தனியாக முன்னால் வந்து சபையைப் பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் ராஜா தூங்கியே விட்டான். அம்மாக்கள் யாரும் குறை சொல்லவில்லை.

இந்த வருடம் பள்ளியில் நாற்பத்தொரு குழந்தைகள். அதோடு ஒரு சுற்றறிக்கை.

எஸ்டேட் மேனேஜர் ஜெஃப்ரி நாற்பது வயதுக்குள் இருப்பவர். ஆபீஸில் சார், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் இன்னும் துரை. பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. எதையும் முன்னேற்ற வேண்டும் என்கிற வியாதி மட்டும் உண்டு. தலைமையாசிரியை ஜானகியம்மாள் அவர் அனுப்பிய காகிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். குழந்தைகள் தின விழாவில் கலை நிகழ்ச்சியைத் தாம் நேரில் பார்ப்பதாகவும், பார்த்த பிறகு ஜனவரியிலிருந்து அந்த வகுப்பு தொடர்வதா, அல்லது அந்த நேரத்தில் அபாகஸ் வைப்பதா என்று முடிவு செய்யப்படும் என்றும் அதில் இருந்தது.

"அபாகஸ்னா என்னங்க டீச்சர்?" என்றார் நசீரா.

"கம்பியில மணி கோத்திருக்கும். மணியத் தள்ளித் தள்ளிக் கணக்குப் போடோணும். மூளை வளருமாம்."

"மணி பேசாதில்லைங்க?"

"பேசாது."

"வரிசையாத்தானே நிக்கும்?"

"கம்பியிலயே கோத்திருக்குது, பின்ன?"

நசீராவுக்கு ஒரு நொடி பொறாமையாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஊட்டி பஜாரில் கணவர் ஹபீப் முகமதுவின் ஸ்வெட்டர் கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு போ," என்றார் ஹபீப், குல்லாய்களை அடுக்கியபடி. "முட்டிக்கு ரெஸ்ட்டு. காலைல நிம்மதியா ஒரு டீ குடிக்கலாம்."

"ஆமாங்க."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"பஸ்ஸுல வந்த களைப்புங்க."

களைப்பு உண்மைதான். ஆனால் வகுப்பு போய்விடும் என்று கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி வந்ததே என்கிற வெட்கம் இரண்டாவது. வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் பாதி வழி போனபிறகு மூன்றாவதாக ஒன்று வந்தது. அதற்குப் பெயர் வைக்க அவருக்கு நேரமில்லை, நாடகம் எழுத வேண்டியிருந்தது.

போன வருட விழாவில் வந்திருந்த விருந்தினர் ஒருவர், "ஒரே நாடகத்துல நாலு ஊர்ப் பேச்சு கேக்குது, உச்சரிப்பைக் கவனிங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. லைன் வீட்டுக் குழந்தைகள் பேசுவது ஒன்று, குந்தா மின்நிலைய ஊழியர் குழந்தைகள் பேசுவது இன்னொன்று. கூடலூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு பெண்களுக்கு இடையிடையே மலையாளம் வரும். படுகர் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் படுகு பேசிக்கொண்டே மேடைக்கு ஏறுவார்கள். நசீரா யோசித்தார். பேசினால்தானே உச்சரிப்பு? இந்த வருடம் நாடகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஊமை நாடகம். ஒன்பது வருடத்தில் தனக்குத் தோன்றிய ஒரே மேதைத்தனமான யோசனை என்று அவரே கொஞ்ச நாள் நம்பினார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கும்போது காட்டெருமை வந்துவிடுகிறது. வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, அசையக்கூடாது. அது தன் வேலையை முடித்துவிட்டுப் போகிற வரைக்கும் செடியோடு செடியாக நிற்க வேண்டும். இந்த மலையில் ஊமை நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. செடி வேடத்துக்குத் தேயிலைக் கொப்பு வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு, நாடகத் தேவைக்காகப் பச்சைத்தேயிலையைப் பறிக்க விதிமுறையில் இடமில்லை என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ஆகவே ஆயிரம் ஏக்கர் தேயிலைக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளியில், தேயிலைச் செடிகள் தைல மரக் கொப்பைக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தன. வகுப்பு முழுவதும் தலைவலி மருந்து வாசனை அடித்தது. டீச்சருக்கு அது ஒருவகையில் சௌகரியமாகவும் இருந்தது.

பின்பாதி வேடம் இரண்டாம் வகுப்பு கிருத்திக்குக்குப் போனது. அவன் அம்மா தெய்வம்மா, கொழுந்து பறிக்கிறவள். விஷயம் கேள்விப்பட்டதும் அடுத்த வகுப்பு நாளே கூடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"மாட்டுக்குப் பின்னாடி காலாமே டீச்சர் எம் மகன்?"

"அது இல்லாம மாடு நிக்காதுங்க."

"அது நிக்கட்டும். இவன் மூஞ்சி தெரியுமா?"

"எருமை ரெண்டு சுத்து சுத்தினதும் கம்பளிய விட்டு வெளிய வருவான். அரை நிமிஷம். நோட்டுல எழுதியாச்சுங்க."

தெய்வம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். மகன் பெயர் இருக்கிற வரியைத் தேடிக் கண்டுபிடித்து, விரல் வைத்து, திருப்திப்பட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

விழாவுக்கு மணி ஒன்றரை என்று அழைப்பிதழ் சொன்னது. மலையில் நவம்பர் மாதம் மூன்று மணிக்கு மேல் என்ன வரும் என்று நாய்க்குட்டிக்கும் தெரியும். அதனால்தான் ஒன்றரை. ஆனால் சிறப்பு விருந்தினர் ஜெஃப்ரி, தேயிலை பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களுக்கு ஃபேக்டரி சுற்றிக்காட்டிவிட்டு வந்து சேரும்போது இரண்டே முக்கால். பிறகு குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை, ஆண்டறிக்கை, ஓட்டப்பந்தயத்தில் ஓடியவர்கள் ஓடாதவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டிபன் டப்பா. நாடகம் கடைசியில். அதுவும் ஜானகியம்மாளின் ஏற்பாடுதான்: தன் பிள்ளை முடிந்ததும் எழுந்து போய்விடுவதுதான் பெற்றோர் வழக்கம், எல்லாப் பிள்ளையும் இருக்கிற நிகழ்ச்சியைக் கடைசியில் வைத்தால் ஆண்டறிக்கையையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

நாற்பத்தொரு குழந்தைகளும் மேடை ஏறும்போது மணி மூன்றே முக்கால். அவர்களோடு மூடுபனியும் ஏறியது.

முதலில் பின்வரிசைச் செடிகள் மறைந்தன. பிறகு கொழுந்து பறிப்பவர்கள். பிறகு மேடை. ஐந்து நிமிடத்தில் முன்வரிசை நாற்காலியில் இருந்த ஜெஃப்ரிக்குத் தன்னுடைய ஷூவே தெரியவில்லை. நாடகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எருமை முட்டிவிடும் என்று மூன்று மாதமாகச் சொல்லிவைத்திருந்தார் டீச்சர். வெள்ளைச் சுவருக்குப் பின்னால் சின்னச் சின்னக் காலடிச் சத்தம் மட்டும் முன்னால் வந்தது, அரை நிமிடம் நின்றது, திரும்பிப் போனது. மேடையோரம் நோட்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்த நசீராவுக்கு அது எந்தக் குழந்தை என்று காலடியிலேயே தெரிந்தது. சபைக்குத் தெரிய வழியில்லை. ஊமை நாடகத்தைப் பனியில் போட்ட முதல் இயக்குநர் என்று தன்னைப் பற்றி யாராவது எழுதுவார்களோ என்று நினைத்தார். உட்கார இடம் இருந்தால் உட்கார்ந்திருப்பார்.

பத்து நிமிடம் வரைக்கும் தெய்வம்மா பொறுத்தாள்.

"கிருத்திக்! எங்கடா நிக்கிற?"

பனிக்குள்ளிருந்து, கம்பளிக்குள்ளிருந்து, பதில் வந்தது. "பின்னாடிம்மா!"

சபை சிரித்தது. அதோடு கட்டு உடைந்துவிட்டது. ஒவ்வொரு அம்மாவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, பனியிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. "இங்கதான்மா, செடியா நிக்கிறேன்!" "நான் மேஸ்திரிங்கம்மா!" "அம்மே, எருமை என் காலைச் சவிட்டியாச்சு!" கடைசியில் எருமையின் முன்பாதியே, "யாரும் பேசாதீங்க, நான் இன்னும் போகல!" என்று அதட்டியது. நாலு ஊர்ப் பேச்சும் குறைவில்லாமல் கேட்டது.

ஜெஃப்ரி எழுந்து மைக்கைத் தேடிப் பிடித்தார். "வெரி இன்டராக்டிவ்," என்றார். "ஆடியன்ஸையே நடிக்க வெச்சிட்டாங்க. இந்த மிஸ்ட்ட யூஸ் பண்ணின விதம் ரொம்பப் புதுமை. இந்த கிளாஸ் கட்டாயம் கண்டினியூ ஆகும்."

கைதட்டல் கேட்டது. யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

ஜானகியம்மாள் பனிக்குள் கையை நீட்டி நசீராவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சுட்டீங்க டீச்சர்!" நசீராவும் சிரித்தார். அப்போது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தெய்வம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"துரை நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. ஆனா டீச்சர், மூஞ்சியப் பாக்கல."

"ஆமாங்க."

"அரைப் பேர் போனது போகட்டும். ராத்திரி அவன் கேப்பான், நல்லாச் செஞ்சேனாம்மான்னு. என்ன சொல்றது?"

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. நசீரா நோட்டைத் திறந்தார், மூடினார். பிறகு, அவருக்கே கேட்காத குரலில், "நாளைக்குக் காலைல பெரட்டுல போட்டுடலாமுங்களா?" என்றார். பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் இடம். ஏழு மணிக்கு அங்கே வெயில் சுத்தமாக இருக்கும்.

ஜானகியம்மாள் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த மனுசன் எதையும் பாக்கல, அதனாலதான் நல்லாருக்குன்னாரு. பெரட்டுக்குத் தினம் ஜீப்புல வர்றவரு. பாத்துட்டாருன்னா?"

"தெரியுதுங்க டீச்சர்."

"வகுப்பு கைக்கு வந்துருச்சு. சும்மா இருந்தாப் போதும். ஒம்பது வருசத்துல சும்மா இருந்து ஜெயிக்கற வாய்ப்பு இதுதான் உங்களுக்கு."

இது மிகவும் நியாயமான பேச்சு. நசீராவின் முட்டியும் அதையேதான் சொன்னது.

சனிக்கிழமை அவருக்கு வகுப்பு கிடையாது. இருந்தும் ஆறேகால் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும் என்று ஹபீப் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். வழி முழுக்க, "அரசாங்கமே கேக்காத ஓவர்டைம்," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் எருமைக் கம்பளியைச் சுமந்துகொண்டு மேலே நடந்ததும் அவர்தான்.

சூப்பர்வைசர் தங்கையா விசிலை வாயில் வைத்தபடி நின்றார். "எவ்வளவு நேரம் டீச்சரம்மா?"

"இருபது நிமிஷம்ங்க."

"இருவது நிமிஷம்னா எவ்வளவு கொழுந்து தெரியுமா?" என்றவர் பெண்களின் முகங்களை ஒருமுறை பார்த்தார். விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "சீக்கிரம் மேய விடுங்க ஒங்க மாட்ட."

வெயிலில் எல்லாம் தெரிந்தது. தைல மரக் கொப்பு வாடித் தொங்கியது தெரிந்தது. எருமையின் கொம்பு அட்டைப்பெட்டி என்பதும், அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருப்பதும் தெரிந்தது. ஒரு செடி மூக்கைத் துடைத்தது. இன்னொரு செடி அழுதது. ஒவ்வொன்றாக முன்னால் வந்து, நின்று, தன் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, அரை நிமிடம் அவளையே பார்த்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் நாடகம். அந்த அரை நிமிடத்தில் அந்த அம்மாவும் இமைக்கவில்லை. எருமை இரண்டு தடவை சுற்றியது. பிறகு கம்பளி விலகி, தலைமுடியெல்லாம் கலைந்து, வியர்த்து, கிருத்திக் வெளியே வந்து நின்றான். தெய்வம்மா கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது. ஜெஃப்ரி இறங்கவில்லை. உள்ளே இருந்தபடியே ஆறேழு குழந்தைகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்தார். நசீரா ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றார்.

"இது நேத்து பண்ணினதா டீச்சர்?"

"அதேதாங்க சார்."

"நேத்து வேற மாதிரி இருந்ததே. அந்த வாய்ஸஸ், அந்த எஃபெக்ட்..."

"நேத்து நீங்க பாக்கலைங்க சார்."

ஜெஃப்ரி நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "இதுல ஸ்டோரி எங்க மூவ் ஆகுது? ஒவ்வொருத்தரா வந்து சும்மா நின்னுட்டுப் போறாங்க."

"ஆமாங்க சார். அதுதாங்க."

அவர் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்க. ஜனவரில இருந்து அபாகஸே பாத்துக்கலாம். ஜானகி மேடத்துக்கு லெட்டர் அனுப்பிடறேன்."

"சரிங்க சார்," என்றார் நசீரா. ஒன்பது வருடத்தில் அதிகம் சொல்லிப் பழகிய வசனம் என்பதால் தடங்கலில்லாமல் வந்தது. முட்டி வலித்தது. ஜானகியம்மாள் தூரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நசீரா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஜீப்பின் பக்கம் குனிந்தார்.

"சார், வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுத்துக்கறீங்களா? மறைக்குதுங்க. இன்னும் நாலு பேர் பாக்கி இருக்காங்க."